பெரியம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது

ஜூன் 9, இரவு

அக்கா,

இந்தக் கடிதம் உன் கைக்கு வந்து சேர்ந்தால் நான் மாட்டிக்கொள்ளவில்லை என்று அர்த்தம்.

அம்மா ஆஸ்பத்திரிக்கு நைட் டியூட்டி போயிருக்கிறாள். அப்பா முன்னறையில் தூங்குகிறார். நான் போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அவர் குறட்டை நின்றால் நானும் நின்றுவிடுவேன். அதனால் எழுத்து நடுநடுவே கோணிக்கொண்டு போனால் திட்டாதே.

உன் விலாசம் எப்படிக் கிடைத்தது என்று யோசிப்பாய். நேற்று அம்மா என் பூகோளப் புத்தகத்தைத் தானாகவே எடுத்து, உள்ளே எதையோ வைத்து, "இந்தப் பாடத்தை மட்டும் ஒழுங்கா படி" என்று சொல்லிவிட்டு டியூட்டிக்குக் கிளம்பிவிட்டாள். திறந்து பார்த்தால் உன் விலாசம்.

நீ போன அன்று அப்பா சொன்னது இன்னும் சட்டமாகவே இருக்கிறது. "அவ பேரை இந்த வீட்டுல யாரும் எடுக்கக் கூடாது." யாரும் எடுப்பதில்லை. நீ ஜனவரியில் போட்ட கடிதத்தை அவர் பிரிக்காமலே தபால்காரரிடம் திருப்பிக் கொடுத்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அன்று ராத்திரி அவர் சாப்பிடவில்லை. அதையும் பார்த்தேன்.

இப்போது விஷயம். பெரியம்மாவுக்கு உடம்பு சரியில்லை.

நம் புல் வெட்டும் மெஷினைத்தான் சொல்கிறேன். நீதானே அந்தப் பெயரை வைத்தாய், நிஜப் பெரியம்மா மாதிரியே வந்தால் வீடே அதிரும், போகும்போது கோபித்துக்கொண்டுதான் போகும் என்று. அவள் இப்போதெல்லாம் பாதியில் நின்றுவிடுகிறாள். ஸ்கூல் மைதானத்தின் மேற்குப் பக்கத்தில் அப்பா ஆரம்பித்தால் கிழக்குக் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் போனதும் இருமுகிறாள், படுத்துவிடுகிறாள். கொஞ்ச நேரம் விட்டால் எழுந்துகொள்கிறாள். மறுபடி படுத்துவிடுகிறாள். நீ போன கொஞ்ச நாளில் ஆரம்பித்தது இது.

ஸ்கூல் ஆபீஸ் மேனேஜர் நேற்று அப்பாவிடம், "அடுத்த மாசம் ஸ்கூல் கமிட்டி வருது. ஒரு கம்பெனிக்காரங்க மைதான வேலை மொத்தத்தையும் எடுத்துக்கிறோம்னு கேட்கிறாங்க. உங்க மெஷின் அன்னிக்கும் இப்படி நின்னா என்னால ஒண்ணும் பேச முடியாது" என்று சொன்னார். கம்பெனி வந்தால் அப்பாவுக்கு வேலை போய்விடும். வேலை போனால் மைதானத்துச் சுவரை ஒட்டி இருக்கும் இந்த இரண்டு அறை வீடும் போய்விடும். அப்புறம் நாங்கள் எங்கே போவோம் என்று யாரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. அதுதான் எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது.

அப்பாவுக்குக் கூடமாட நின்றவள் நீதான். நீ இருந்தால் என்ன செய்திருப்பாய்? ஸ்கூல் கேட் பக்கத்துத் தையல்கார அக்கா விலாசத்துக்கு எழுது. அவர் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று கத்தரிக்கோல் மேல் சத்தியம் செய்திருக்கிறார்.

குறட்டை நின்றுவிட்டது.

வாலு


ஜூன் 14

வாலு,

முதல் விஷயம், போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதாதே, கண் போய்விடும்.

இரண்டாவது, அந்த மெஷினைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்காதே. மற்ற பிள்ளைகள் அதே மைதானத்தில் விளையாடிய வயதில் நான் அதன் அடியில் ஒட்டிய பச்சைப் புல்லைச் சுரண்டிக்கொண்டு இருந்தேன். என் நகக்கண்ணில் இருந்த கறுப்பு இங்கே வந்து எத்தனையோ நாள் கழித்துத்தான் போனது. இப்போது துணி வெளுக்கும் கடையில் வேலை. பெரிய மனிதர்களுடைய கோட்டு, ஹோட்டல்காரர்களுடைய திரைச்சீலை எல்லாம் வரும். எங்கே திரும்பினாலும் சோப்பு வாசனை. நிம்மதியாக இருக்கிறேன்.

மூன்றாவது, திருப்பி அனுப்பிய அந்தக் கடிதம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. 'வாங்க மறுத்தார்' என்று தபால்காரர் அழகாக எழுதியிருக்கிறார். என் கடிதம் வேண்டாம், என் யோசனை மட்டும் வேண்டுமாக்கும். நீதான் கேட்கிறாய், அவர் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் எழுதிவிட்டேன்.

நன்றாகப் படி. அம்மாவுக்கு உதவியாக இரு.

அக்கா

பின்குறிப்பு: மெஷினின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தீர்களா? நுனி கறுத்திருக்கிறதா, வெளுத்திருக்கிறதா, ஈரமாக இருக்கிறதா? பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் போதும். மாட்டும்போது நுனியில் இருக்கும் இடைவெளிக்குள் ரம்பத் தகடு ஒன்று இழுத்தாற்போல நுழைய வேண்டும். அதற்காகவே ஒரு உடைந்த ரம்பத் துண்டு ஜன்னல் மேல் இருக்கும். அடுத்தது ஏர் ஃபில்டருக்குள் இருக்கும் ஸ்பாஞ்சு. சோப்பு போட்டுக் கழுவிக் காய வைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பிழிந்து போட வேண்டும். பிளக்கின் தொப்பியைப் பிடுங்காமல் பிளேடு பக்கம் கையைக் கொண்டு போனாயோ, நானே வந்து உதைப்பேன். மெழுகுவத்தி, தீக்குச்சி எதுவும் பக்கத்தில் கூடாது.

அவர் இன்னும் இடது காலை மெஷின் மேல் வைத்துத்தான் கயிறு இழுக்கிறாரா? முட்டி வலி எப்படி இருக்கிறது? சும்மாதான் கேட்டேன்.


ஜூன் 20, இரவு

அக்கா,

உன் கடிதத்தைவிடப் பின்குறிப்பு நீளமாக இருந்தது. தையல்கார அக்கா, "உங்க அக்காவுக்குக் கோவமா இருக்கத் தெரியலையே" என்று சிரித்தார்.

கூரை ஒழுகும் கொட்டகை அப்படியேதான் கிடக்கிறது. அதனால் பெரியம்மா இன்னும் நம் அறையில்தான் தூங்குகிறாள். இப்போது இன்னும் வசதி, நீ படுத்த இடம் முழுக்க அவளுக்குத்தான். அதனால் எனக்கும் வசதி. அப்பா தூங்கியதும் முதல் வேலையாகப் பிளக்கின் தொப்பியைப் பிடுங்கினேன். பயப்படாதே.

பிளக் அடுப்புக்கரி மாதிரி இருந்தது. தேய்த்தேன். ரம்பத் துண்டு நீ சொன்ன இடத்திலேயே இருந்தது, உன் தலைமுடி ரப்பர் ஒன்றும் கூடவே இருந்தது. ஸ்பாஞ்சைத் தொட்டதும் பழைய கேக் மாதிரி உதிர்ந்து போனது. எனக்கு உயிரே போய்விட்டது. வேறு வழி தெரியாமல் என் ஸ்கூல் பையின் தோள் வாரை அறுத்து, உள்ளே இருந்த ஸ்பாஞ்சை அதே அளவுக்கு வெட்டி, எண்ணெய் விட்டுப் போட்டுவிட்டேன். பை இப்போது தோளை அறுக்கிறது. யாராவது கேட்டால் எலி என்று சொல்லலாம் என்று இருக்கிறேன்.

மறுநாள் அப்பா கயிற்றை ஒரே இழுப்பு இழுத்தார் (ஆமாம், இடது காலை வைத்துத்தான், முட்டி வலி இருக்கிறது, சொல்ல மாட்டேன் என்கிறார்). உடனே கிளம்பிவிட்டது. அவர் மெஷினைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "என்ன, இன்னிக்கு இவ்வளவு மரியாதையா இருக்கா?" என்றார். நான் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆனால் அக்கா, கிழக்குக் கம்பம் வந்ததும் மறுபடி படுத்துவிட்டாள்.

இந்தத் தடவை பக்கத்திலேயே இருந்து பார்த்தேன். அப்பா பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து எட்டிப் பார்க்கிறார். "பெட்ரோல் இருக்கே" என்கிறார். மூடுகிறார். கயிற்றை இழுக்கிறார். கிளம்புகிறது. ஒவ்வொரு தடவையும் இதே மாதிரிதான் நடக்கிறது. "வயசாயிடுச்சு. எனக்கு மாதிரியே அதுக்கும் மூச்சு வாங்குது. கொஞ்சம் நின்னு போகணும்" என்கிறார்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டுமா என்று தெரியவில்லை. மூடியைத் திறக்கும்போது 'ஸ்ஸ்' என்று சின்னதாக ஒரு சத்தம் வருகிறது. பெருமூச்சு மாதிரி. பெட்ரோல் டேங்க் எதற்குப் பெருமூச்சு விட வேண்டும்?

வாலு


ஜூன் 25

அடிப் பாவி, பை வாரையா அறுத்தாய்?

சரி, அது இருக்கட்டும். அந்தச் சத்தம் உள்ளே போனதா, வெளியே வந்ததா?

இது முக்கியம். இதை நினைத்துக்கொண்டே இஸ்திரி போட்டதில் ஒரு சட்டையின் காலரைக் கருக்கிவிட்டேன். முதலாளி அம்மா, "காதலா?" என்று கேட்டார். "இல்லைங்க, பெட்ரோல் டேங்க்" என்றேன். அதற்கப்புறம் அவர் என்னிடம் பேசுவதில்லை.

காதால் கேட்டால் தெரியாது. சட்டை டப்பாக்களில் போடுகிற மெல்லிய காகிதத்தில் ஒரு துண்டு இத்துடன் வைத்திருக்கிறேன். அதை விரல் அகலத்துக்குக் கிழித்துக்கொள். அடுத்த தடவை நின்றதும் மூடியை நீ திற. காகிதத்தை மூடியின் விளிம்புக்குப் பக்கத்தில் தொங்க விட்டபடி மெதுவாகத் திறக்க வேண்டும். காகிதம் வெளிப்பக்கம் பறந்தால் ஒன்று, உள்பக்கம் ஒட்டிக்கொண்டால் வேறொன்று. பக்கத்தில் இருக்கும் சைலன்சர் கொதிக்கும், கை படக் கூடாது.

எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். இதனால் நான் மெஷினோடு சமாதானம் ஆகிவிட்டேன் என்று எண்ணாதே. அவரோடும்தான்.

அக்கா


ஜூலை 1, இரவு

உள்ளே! அக்கா, உள்ளே!

கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றதும், "அப்பா, நான் திறக்கட்டுமா?" என்று ஓடினேன். ஒரு கையில் மூடி, மறு கையில் காகிதம். அப்பா, "என்ன வாலு, அதுக்கு விசிறி வீசுறியா?" என்று கேட்டார். சும்மா விளையாட்டு என்றேன். அரைத் திருகு திருகியதும் காகிதம் சட்டென்று மூடி இடுக்கில் போய் ஒட்டிக்கொண்டது. பிடுங்கினேன், நுனி உள்ளேயே கிழிந்துவிட்டது. ஏதோ ஒன்று உள்ளே உட்கார்ந்துகொண்டு இழுத்த மாதிரி இருந்தது.

அன்று முழுக்க அதையே யோசித்தேன். கணக்கு வகுப்பில் தண்ணீர் பாட்டிலை வாயில் வைத்து, இடைவெளி விடாமல் உறிஞ்சிப் பார்த்தேன். கொஞ்சம் தண்ணீர் வந்தது, அப்புறம் பாட்டில் ஒடுங்கிக்கொண்டது, தண்ணீர் வரவில்லை. வாயை எடுத்ததும் காற்றை இழுத்துக்கொண்டு பழையபடி நிமிர்ந்தது. டேங்க் இரும்பு, அது ஒடுங்காது. ஆனால் பெட்ரோலும் வராது, இல்லையா? அதற்குக் காற்று வேண்டியிருக்கிறது, இல்லையா? கணக்கு டீச்சர் என்னை வெளியே நிறுத்திவிட்டார். பரவாயில்லை, வெளியே நின்றால் மைதானம் நன்றாகத் தெரிகிறது.

அங்கே நின்றபோதுதான் கம்பெனிக்காரரைப் பார்த்தேன். சக்கரம் வைத்த கோலைத் தள்ளி மைதானத்தை அளந்தார். அப்புறம் வெயில் கூசாமல் கையால் மறைத்துக்கொண்டு நம் வீட்டு ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தார். மேனேஜரிடம், "இதை நாங்க ஸ்டோர் ரூமா வச்சுக்கலாமா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. அக்கா, உள்ளே என் பாவாடை காய்ந்துகொண்டு இருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே ஸ்டோர் ரூம் என்று சொன்னார்.

கமிட்டி பதினேழாம் தேதி வருகிறது. சீக்கிரம் எழுது.

வாலு


ஜூலை 5

வாலு,

உன்னை வெளியே நிறுத்திய டீச்சர் தன் வகுப்பிலேயே கெட்டிக்காரியை வெளியே நிறுத்தியிருக்கிறார்.

நீ யோசித்தது சரிதான். டேங்குக்குக் காற்று போக வேண்டும். போவதற்கு வழியும் இருக்கிறது. அந்த வழியைப் போட்டவளே நான்தான். யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடம் சொல்கிறேன்.

எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும்போது பழைய மூடி புல்லுக்குள் விழுந்து, பிளேடில் மாட்டித் துண்டு துண்டாகப் போய்விட்டது. அப்பா பழைய இரும்புக் கடையில் தேடி, மருந்து தெளிக்கும் ஏதோ ஒரு மெஷினின் மூடியைக் கொண்டு வந்தார். திருகிப் பார்த்தால் அளவெடுத்துச் செய்த மாதிரி உட்கார்ந்தது. ஆனால் அன்றிலிருந்து இதே கதைதான், பாதியில் நின்றுவிடும். பெட்ரோல் போகும் கார்புரேட்டரில்தான் அடைப்பு என்று அப்பா அதைப் பிரித்துப் பிரித்துக் கழுவினார்.

நான் ஒரு நாள் எண்ணெய் டின்னில் ஓட்டை போட்டு ஊற்றிக்கொண்டு இருந்தேன். ஒரு ஓட்டை போட்டால் எண்ணெய் விக்கி விக்கி வரும். எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டால் சரசரவென்று வரும். எனக்குப் பொறி தட்டியது. அன்று சாயங்காலமே டேங்க் மூடியைத் தனியாகக் கழற்றி எடுத்துப் போய் நடுவில் ஆணி வைத்து ஒரு தட்டு தட்டினேன். அன்றிலிருந்து பெரியம்மா நிற்கவே இல்லை. "நான் இல்லாதப்போ மெஷின்ல கை வச்சே, தொலைச்சுடுவேன்" என்று அவர் சொல்லியிருந்ததால் வாயைத் திறக்கவில்லை. அவரோ தான் கார்புரேட்டரைக் கழுவியதால்தான் சரியானது என்று ஸ்கூல் வாட்ச்மேனிடம் ஒரு வாரம் பீற்றிக்கொண்டார். போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்த ஆணி ஓட்டையில் புல்லோ மண்ணோ அடைத்திருக்கும். மூடியைக் கழற்றி ஒரு ஊசியால் குத்திவிடு. அவ்வளவுதான் விஷயம். நிம்மதியாகத் தூங்கு.

அக்கா


ஜூலை 8, இரவு

அக்கா,

தூக்கம் வரவில்லை. ஓட்டையைக் காணோம்.

மூடியின் மேல்பக்கம் சைக்கிள் டியூப் ரப்பரில் வட்டமாக ஒரு ஒட்டு. விளிம்பெல்லாம் அழகாகச் சீவியிருக்கிறது. உள்பக்கம் மெழுகு. புல்லோ மண்ணோ இல்லை அக்கா, யாரோ உட்கார்ந்து பொறுமையாக அடைத்திருக்கிறார்கள். மெழுகு சூடாக இருக்கும்போது கட்டைவிரலால் அழுத்தியிருக்கிறார்கள், ரேகை அப்படியே பதிந்திருக்கிறது. ரேகைக்குக் குறுக்கே ஒரு கோடு ஓடுகிறது.

டார்ச்சை வைத்து ரொம்ப நேரம் பார்த்தேன். பிளேடு வெட்டிய தழும்பு அது. அப்பாவின் வலது கட்டைவிரல்.

எனக்கு ஒன்றுமே புரியவில்லை. மெஷின் நின்றால் வேலை போய்விடும் என்று அவருக்குத் தெரியும். ராத்திரி புரண்டு புரண்டு படுக்கிறார். அப்படி இருக்கும்போது அதன் மூச்சை அவரே எதற்கு அடைக்க வேண்டும்? குத்திவிடலாம் என்று ஊசியை எடுத்தேன். அந்த ரேகையைப் பார்த்ததும் கை வரவில்லை.

வாலு


ஜூலை 11

வாலு,

உன் கடிதத்தைக் கடையின் பின்பக்கம் நின்று படித்தேன். அப்புறம் ரொம்ப நேரம் உள்ளே போகவில்லை.

நான் வீட்டை விட்டுப் போன அன்று நீ ஸ்கூலில் இருந்தாய். என்ன நடந்தது என்று உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். காலையில் ஒரு ஆபீஸில் வேலை கேட்டுப் போயிருந்தேன். இருப்பதிலேயே நல்ல உடையைப் போட்டுக்கொண்டுதான் போனேன். அங்கே உட்கார்ந்திருந்த ஆபீஸ் அம்மா என்னிடம் இரண்டு கேள்வி கேட்டார், மூக்கைச் சுளித்தார், எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார். அப்புறம் கேள்வியே கேட்கவில்லை. மழைக்காலம் முழுக்க மெஷின் நம் தலைமாட்டிலேயே இருந்ததே, அந்த நாற்றம் என் துணி முழுக்க ஏறியிருந்தது.

வீட்டுக்கு வந்து கத்தினேன். "இந்த வீட்டுல தலையணை கூட பெட்ரோல் நாறுது. மனுஷங்க இருக்கிற இடமா இது?" என்றேன். அவர், "நாறுதுன்னா நாறாத இடமாப் பார்த்துப் போ" என்றார். போய்விட்டேன்.

மூடியில் இருந்த ஓட்டை நான் வேண்டுமென்றே போட்டது என்று அவருக்குத் தெரியாது. துருப்பிடித்த ஓட்டை, அது வழியாகத்தான் நாற்றம் வருகிறது என்று நினைத்திருப்பார். தேடிக் கண்டுபிடித்து அடைத்திருக்கிறார். நான் இருந்தபோது அடைத்திருந்தால் சரி. நான் போன பிறகு யாருக்காக அடைத்தார்?

உன்னிடம் கேட்கவில்லை, வாலு. என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இங்கே சோப்பு வாசனை என்று எழுதினேனே, அது வாசல் பக்கத்தில் மட்டும்தான். பின்பக்கம் கோட்டுகளைத் தண்ணீரில் வெளுப்பதில்லை, ஒரு மருந்தில் போட்டு அலசுவார்கள். அதன் நாற்றம் பெட்ரோலுக்கு அண்ணன். நான் வேலை செய்வது பின்பக்கத்தில்.

ஊசியை எடுத்துக் குத்திவிடு. ரேகை போனால் போகட்டும், வீடு இருக்க வேண்டும்.

அக்கா


ஜூலை 14, இரவு

அக்கா,

குத்திவிட்டேன். ஒட்டையும் பிய்த்துவிட்டேன்.

நேற்று சாயங்காலம் பெரியம்மா மைதானம் முழுவதையும் ஒரே மூச்சில் வெட்டினாள். கிழக்குக் கம்பம் வந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் நிற்கவில்லை. திறந்து பார்த்தால் அப்பா கம்பத்தைத் தாண்டிப் போய்க்கொண்டு இருந்தார், திரும்பித் திரும்பிக் கம்பத்தையே பார்த்துக்கொண்டு. வேலை முடிந்ததும் மெஷினின் முதுகில் ஒரு தட்டு தட்டி, "இதை முன்னாடியே செஞ்சிருக்கலாம் இல்ல?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை.

ஆனால் ராத்திரி அறையில் நாற்றம் வந்தது. நான் தூங்குகிற மாதிரி படுத்திருந்தேன். அப்பா விளக்குப் போடாமல் வந்து மோந்து மோந்து பார்த்தார். மூடியைக் கழற்றிக்கொண்டு வெளியே போனார். காலையில் பார்த்தால் புது மெழுகு, புது ஒட்டு. "தலை வலிச்சுதா வாலு? அந்த ஓட்டை மறுபடி திறந்துக்கிச்சு. நல்லா அடைச்சுட்டேன். இனிமே நாறாது" என்கிறார். அதைச் சொல்லும்போது அவர் முகம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, அக்கா.

இன்று சாயங்காலம் கம்பத்துக்குப் பக்கத்தில் மறுபடி நின்றுவிட்டது.

பதினேழுக்கு இன்னும் மூன்று நாள்தான். நான் மறுபடி குத்தினால் அவர் மறுபடி அடைப்பார். சொல்லிவிட வேண்டும். சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார். உன் பெயரைச் சொல்ல வேண்டும். கடிதங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மாவும் மாட்டிக்கொள்வாள். காலையில் இரண்டு தடவை வாயைத் திறந்தேன். இரண்டு தடவையும் தண்ணீர் வேண்டுமா என்றுதான் கேட்டேன்.

வாலு


ஜூலை 16

வாலு,

இது உனக்கு நேரத்துக்குக் கிடைக்காது என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

சொல்லிவிடு. என் பெயரையே சொல். அம்மாவை இழுக்காதே, விலாசத்தை நானே அனுப்பினேன் என்று சொல். கத்தினால் கத்தட்டும். கத்துவதற்கு அவருக்கு எட்டு மாதமாக ஆள் இல்லை.

அக்கா


ஜூலை 19, பகல்

அக்கா,

மேலே 'பகல்' என்று போட்டிருக்கிறேன், பார்த்தாயா? சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். டார்ச் அலமாரியில் இருக்கிறது.

உன் கடிதம் நேற்றுதான் வந்தது. பதினேழாம் தேதி என்னிடம் அது இல்லை. காலையில் மேனேஜர், கமிட்டி ஆட்கள் நாலு பேர், கம்பெனிக்காரர் எல்லோரும் மரத்தடியில் நின்றார்கள். கம்பெனிக்காரர் உட்கார்ந்து ஓட்டுகிற பெரிய மெஷின் ஒன்றை வண்டியில் கொண்டு வந்திருந்தார், புத்தம் புதுசு, சிவப்பு. நான் வகுப்பில் ஜன்னல் பக்கம் இருந்தேன். காது மட்டும் மைதானத்தில் இருந்தது. பெரியம்மா போய்க்கொண்டே இருந்தாள். இருமினாள். நின்றாள்.

நான் டீச்சரிடம் எதுவும் கேட்கவில்லை, எழுந்து ஓடினேன். படியில் ஒரு செருப்பு கழன்றுவிட்டது.

அப்பா குனிந்து கயிற்றை இழுத்துக்கொண்டு இருந்தார். அவசரத்தில் மூடியைத் திறந்து பார்க்கக்கூட மறந்துவிட்டார். கமிட்டியில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். கம்பெனிக்காரர் ரொம்ப மரியாதையாக, "பரவாயில்லைங்க, வயசான மெஷின்" என்றார். அப்பாவின் சட்டை முதுகு முழுக்க நனைந்திருந்தது. நான் அங்கிருந்தே கத்தினேன்.

"மூடியைத் திற, அப்பா! அதுக்குக் காத்து வேணும்! அக்கா சொன்னா!"

அந்த வார்த்தை மைதானம் முழுக்கக் கேட்டது. வாட்ச்மேனுக்குக்கூடக் கேட்டிருக்கும். அப்பா கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். "யாரு சொன்னா?" என்று கேட்டார், மெதுவாக. "அக்கா" என்றேன்.

அவர் மூடியைத் திறந்தார். 'ஸ்ஸ்' என்றது. மறுபடி வைத்தார், ஆனால் இறுக்கவில்லை, பட்டும் படாமலும் விட்டுவிட்டார். கயிற்றை இழுத்தார். கிளம்பியது. மிச்சம் இருந்த மைதானம் முழுவதையும் நிற்காமல் வெட்டினார். என் பக்கம் திரும்பவே இல்லை.

சிவப்பு மெஷின் அழகாகத்தான் வெட்டியது. ஆனால் கோல் கம்பத்துக்கும் சுவருக்கும் நடுவில் அதனால் நுழைய முடியவில்லை. மரங்களைச் சுற்றியும் வட்ட வட்டமாகப் புல்லை விட்டுவிட்டது. "அதை எங்க ஆளு கையால வெட்டிடுவான்" என்றார் கம்பெனிக்காரர். கமிட்டிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேனேஜர் சாயங்காலம் வந்து, "இந்த வருஷம் இப்படியே போகட்டும்னுட்டாங்க. அடுத்த வருஷம் என்னன்னு சொல்ல முடியாது" என்றார். ஒரு வருடம் என்பது எனக்கு ரொம்பப் பெரியதாக இருக்கிறது.

ராத்திரி அப்பா என் அறைக்கு வந்து பெரியம்மா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். மூடியை மடியில் வைத்துக்கொண்டு நகத்தால் மெழுகைச் சுரண்டினார்.

"இது துருப்பிடிச்ச ஓட்டை இல்லையா?"

"இல்லப்பா. அக்கா ஆணி வச்சு அடிச்சது. பன்னிரண்டு வயசுல."

மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் திடீரென்று சிரித்தார். "நான் கார்புரேட்டரைக் கழுவித்தான் சரியாச்சுன்னு அந்த வாட்ச்மேன்கிட்ட என்னமா பீத்திக்கிட்டேன்!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வேற என்ன எழுதினா?" என்று கேட்டார்.

கடிதங்களைக் கொடுத்தேன். கண்ணாடி இல்லை, நீயே படி என்றார். கண்ணாடி அவர் சட்டைப் பையில்தான் இருந்தது. படித்தேன். அந்த ஆபீஸ் அம்மா ஜன்னலைத் திறந்த இடம் வந்ததும் சட்டென்று தாண்டி அடுத்ததற்குப் போனேன்.

"விட்டதையும் படி" என்றார்.

படித்தேன். அவர் வெகுநேரம் மூடியை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலையில் சுத்தியல் சத்தத்தில்தான் எழுந்தேன். கொட்டகைக் கூரையை மொத்தமாகப் பிரித்துப் போட்டு, பழைய தகரம், ஸ்கூலில் உடைந்த கரும்பலகை எல்லாவற்றையும் வைத்துப் புதிதாகப் போட்டுவிட்டார். அம்மா டியூட்டி முடிந்து வந்தவள் அப்படியே நின்று பார்த்தாள். "எட்டு மாசமா இதைத்தானே சொன்னேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய் உன் தலையணை உறையைத் துவைக்க எடுத்தாள். பெரியம்மா இப்போது வெளியே இருக்கிறாள், ஓட்டையோடு.

இதை எழுதும்போது அப்பா எதிரில் உட்கார்ந்து பிளக்கைத் தேய்த்துக்கொண்டு இருக்கிறார். உனக்கு எதுவும் எழுதச் சொல்லவில்லை. ஆனால் சுவரைப் பார்த்து, எனக்குக் கேட்கும்படி, இதோடு மூன்றாவது தடவையாகச் சொல்கிறார்: "அந்த ரூம்ல இப்போ எந்த நாத்தமும் இல்ல."

அதையே எழுதிவிட்டேன்.

வாலு


ஜூலை 23

வாலு,

லீவு கேட்டேன், கொடுத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்.

உனக்கு ஒரு பை வாங்கியிருக்கிறேன், வாரில் நல்ல ஸ்பாஞ்சு இருக்கிறது, அறுக்காதே. பெரியம்மாவுக்குத் தனியாக ஸ்பாஞ்சு வாங்கிவிட்டேன்.

என் துணியில் எல்லாம் இந்தக் கடையின் மருந்து நாற்றம் அடிக்கும், எவ்வளவு அலசினாலும் போவதில்லை. அப்பாவிடம் முன்னாலேயே சொல்லி வை. ராத்திரி மோந்து பார்த்துவிட்டு மெழுகை எடுத்துக்கொண்டு வந்துவிடப் போகிறார். இது நான்தான் என்று சொல்.

அக்கா